"சும்மா கண்ணில் பட்டவர்களைத்தான் நிறுத்துகிறோம்": கணக்கு என்ன சொல்கிறது?

யுத்த காலத்தில் ஒருநாள், புறக்கோட்டை பஸ் நிலையத்திற்கு அருகே சோதனைச்சாவடியொன்றில் என்னை மறித்தார்கள். அப்போது நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் தமிழர். ஏன் என்று ஒரு பெரியவர் கேட்டார். "சும்மா கண்ணில் பட்டவர்களைத்தான் நிறுத்துகிறோம்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கணக்கால் சோதிக்கலாம். உயர்தரக் கணிதத்தில் வரும் ஈருறுப்புப் பரம்பல் அதற்கானதுதான்.

கணக்கு எப்படி?

பெரிய கூட்டத்திலிருந்து எழுமாற்றாக ஒருவரை நிறுத்தினால் அவர் தமிழராக இருப்பார், அல்லது இருக்கமாட்டார். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் சுமார் 10 சதவீதம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோரும் வெளியூர் பஸ்களில் வந்திறங்குவோரும் கூடும் இடம் புறக்கோட்டை என்பதால், தாராளமாக 30 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். இந்தத் தாராளம் சோதனைச்சாவடிக்குத்தான் சாதகம்.

நிகழ்தகவு தமிழருக்கு 0.3, மற்றவருக்கு 0.7. எட்டுத் தமிழரும் இரண்டு மற்றவரும் குறிப்பிட்ட ஒரு வரிசையில் அகப்பட, 0.3ஐ எட்டுத் தடவையும் 0.7ஐ இரண்டு தடவையும் பெருக்க வேண்டும். பத்து இடங்களில் அந்த இருவரை 45 விதமாக நிறுத்தலாம். ஆகவே விடையை 45ஆல் பெருக்கினால் 0.00145. ஒன்பது பேர், பத்துப் பேர் என்ற நிலைகளையும் கூட்டினால் 0.00159. அதாவது சுமார் 630இல் ஒரு தடவை. 10 சதவீதம் என்று எடுத்தால் பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

நீதிமன்றம் ஏற்ற கணக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹிடால்கோ என்ற மாவட்டத்தின் சனத்தொகையில் 79.1 சதவீதமானோர் அப்போது மெக்சிக்க வம்சாவளியினராக இருந்தனர். 11 ஆண்டுகளில் பெரும் ஜூரிக்கு அழைக்கப்பட்ட 870 பேரில் அவர்கள் 339 பேர் மட்டுமே. எழுமாற்றாகத் தெரிந்திருந்தால் சுமார் 688 பேர் வந்திருக்க வேண்டும். 1977இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதே ஈருறுப்புக் கணக்கைத் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டி, பாரபட்சத்திற்கு முதற்தோற்றச் சான்று இருப்பதாக ஏற்றது.

கணக்கின் எல்லை

ஆனால் என் எட்டுப் பேரை நான் எந்த நீதிமன்றத்திற்கும் கொண்டுபோக முடியாது. அந்தச் சாவடியை நான் நூற்றுக்கணக்கான நாட்கள் கடந்திருக்கிறேன். 630 நாட்களில் ஒருநாள் அப்படி அமைவது இயல்பே. எனக்கு அந்த ஒருநாள்தான் நினைவிருக்கிறது. ஒன்றாக வந்த குடும்பத்தை மொத்தமாக நிறுத்தியிருந்தாலும் கணக்குப் பிழைக்கும், ஏனெனில் ஒவ்வொரு தெரிவும் தனித்தனியாக நடந்திருக்க வேண்டும். தவிர, தெரிவு எழுமாற்றானதல்ல என்று காட்டலாமே தவிர, நோக்கம் என்னவென்று கணக்கு சொல்லாது.

2007 ஜூன் 7இல் புறக்கோட்டை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டபோது நிகழ்தகவு பார்க்கத் தேவை இருக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. "எழுமாற்றாக" என்ற சொல்லுக்குப் பின்னால் நடப்பதற்குத்தான் கணக்கு வேண்டும்.

அதற்குத் தேவை ஒரு கொப்பி. திகதி, நேரம், மொத்தம் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள், அவர்களில் தமிழர் எத்தனை பேர். ஒன்றும் நடக்காத நாட்களையும் எழுத வேண்டும். என்னிடம் அந்தக் கொப்பி இல்லை.