மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்த்த நாள்



"ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சொன்னதும், எவ்வளவு செலவாகுமோ என்றுதான் முதலில் நினைக்கிறோம். அந்த ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளிகள் பட்ட பாடு இன்று பலருக்குத் தெரியாது.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு முறிவு தெரிந்தது. மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளை தெரியவில்லை. 1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி ஒரு வழி கண்டார். முதுகில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியுள்ள நீரை வெளியே எடுத்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பது! கடுமையான தலைவலியும் வாந்தியும் வரும். ஐம்பது ஆண்டுகள் நோயாளிகள் இதைச் சகித்துக்கொண்டார்கள்.

இதற்கு முடிவு கட்டியவர் மருத்துவர் அல்ல. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், விவசாயி மகன், இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய யோசனை நம் கணக்கு வகுப்புக்கு உரியது. கட்டங்களில் உள்ள எண்களை மறைத்துவிட்டு, நிரை, நிரல், மூலைவிட்டக் கூட்டுத்தொகைகளை மட்டும் கொடுத்து எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வோமே, அதேதான். பல கோணங்களில் எக்ஸ்ரேயைச் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று அளந்தால், உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். ஆய்வுக்கூடத்தில் முதல் படத்துக்கு அளவெடுக்கவே 9 நாள் ஆனது!

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. மூளையில் இருந்த கட்டி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இதற்கான கணிதத்தை இயற்பியலாளர் ஆலன் கார்மாக் 1963-64-லேயே தனியாக எழுதி வெளியிட்டிருந்தார். அப்போது கவனித்தவர்கள் மிகக் குறைவு. 1979-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் ரத்தக்குழாய் அடைத்தும் வரும், வெடித்தும் வரும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை ரத்தக்கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. எது என்று பிரித்துச் சொல்வது ஸ்கேன்தான். அந்த ஊசியையும் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஆகவே வீட்டில் யாருக்காவது திடீரென வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது என்ற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.