60 லட்சம் வகுத்தல் 15 ஆயிரம்

டைகா வைட்டிடியின் ‘ஜோஜோ ராபிட்’ (2019) படத்தை முதல் தடவை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பத்து வயது ஜெர்மன் பையன் ஜோஜோ. அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற நண்பன் ஹிட்லர். நடித்திருப்பவர் வைட்டிடியேதான், தாய்வழியில் யூதர், தந்தைவழியில் மாவோரி. இதைவிடப் பெரிய நக்கல் வேண்டுமா?

நாஜிகளை இப்படிக் கோமாளிகளாகக் காட்டலாமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் பெரிய சிக்கல் இல்லை. படத்தில் அசட்டுத்தனமாகத் தெரிகிற பலதும் நிஜத்தில் நடந்ததுதான். ஜோஜோவின் இடுப்பில் தொங்குகிற கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் சிறுவர் படையில் சேர்கிற பையன் 60 மீட்டர் ஓட வேண்டும், பந்து எறிய வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். தேறினால் கத்தி. 1939 மார்ச்சில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமானது. ஜோஜோ வயதுப் பையனுக்கு ஹிட்லர் இல்லாத ஜெர்மனியே ஞாபகத்தில் இருந்திருக்காது.

படத்தின் முடிவில் குழந்தைகளைச் சண்டைக்கு அனுப்புவதும் மிகையில்லை. 1945 மார்ச் 20 அன்று பெர்லினில் ஹிட்லர் சிறுவர்களுக்குப் பதக்கம் கொடுத்துக் கன்னத்தைத் தட்டுகிற காட்சி படச்சுருளாகவே இருக்கிறது. அந்த வரிசையில் ஒருவனுக்கு வயது 12.

யூதர்களுக்குக் கொம்பு வரைந்து ஜோஜோ ஒரு புத்தகம் எழுதுவான். நிஜத்தில் 1938இல் ‘விஷக்காளான்’ என்றொரு குழந்தைகள் புத்தகம் வந்தது. பதிப்பாளர் யூலியஸ் ஸ்ட்ரைஹர். 1946இல் நியூரம்பெர்க்கில் தூக்கிலிடப்பட்டார். அந்த விஷம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். வீட்டுச் சுவருக்குள் ஒளிந்திருக்கிற எல்சாவோடு நாலு நாள் பேசினால் ஜோஜோவுக்கு இறங்கியும் விடுகிறது.

படத்தில் இல்லாத இன்னொன்று இருக்கிறது. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தக் காலத்துக் கணக்குப் பாடநூல்.

அதில் ஒரு கேள்வி: மனநோயாளிகள் விடுதி ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது. ஒரு வீட்டுக்கு 15 ஆயிரம் மார்க் என்றால் அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?

கொம்பில்லை, வசையில்லை, யாரையும் வெறுக்கச் சொல்லவுமில்லை. வகுத்தால் போதும்.

1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை ஆறு மையங்களில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை விஷவாயு வைத்துக் கொன்றார்கள். அந்த மையங்களில் ஒன்று ஆஸ்திரியாவின் ஹார்ட்ஹைம் கோட்டை. போர் முடிந்தபின் அங்கே ஒரு கணக்கேடு கிடைத்தது. செத்தவர்கள் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் எவ்வளவு சாப்பிட்டிருப்பார்கள், அதில் எத்தனை மார்க் மிச்சம் என்று பைசா சுத்தமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பாடநூல் கணக்கேதான். கொஞ்சம் பெரிய எண்கள், அவ்வளவுதான்.

ஹார்ட்ஹைம் குமாஸ்தாவுக்கு எல்சா மாதிரி ஒரு பெண்ணைக் காட்டியிருந்தால் மாறியிருப்பாரா? தெரியவில்லை. அவர் யாரையும் வெறுத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. படத்தின் மீது எனக்கிருக்கும் ஒரே மனக்குறை அதுதான்: அதில் தீமைக்கு எப்போதும் ஒரு கோமாளி முகம் இருக்கிறது.

நான் பொறியியல் படித்தவன். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்தக் கேள்வியை முதல் தடவை வாசித்தபோது, அது என்ன கேட்கிறது என்று உறைப்பதற்கு முன்பே மனசுக்குள் விடை வந்துவிட்டது. 400.