அடைவைத்த முட்டைகளின் கணக்கு: அமெரிக்கப் புரொயிலர் உற்பத்தியும் புள்ளிவிபரத்தின் வர்க்கச் சார்பும்

ஒரு சமுதாயம் எதனை எண்ணுகின்றது, எதனை எண்ணாது விடுகின்றது என்பது தற்செயலானதன்று. புள்ளிவிபரங்கள் பக்கச்சார்பற்றவை எனும் கருத்து பொருளியலாளர் பலரிடையே இன்றும் வேரூன்றியுள்ளது. இலக்கியத்தைச் சமூக உறவுகளின் பின்னணியில் ஆராய்வோர் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு பனுவலை அணுகும்போது அதனை ஆக்கியோர் யார், அது யாரை நோக்கிப் பேசுகின்றது, யாரைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது என வினவுகின்றோம். அதே வினாக்களைப் புள்ளிவிபர அறிக்கையொன்றின்பாற் செலுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாயத் திணைக்களம் வாரந்தோறும் வெளியிடும் புரொயிலர் பொரிப்பக அறிக்கையை. அதன் சாரம் இரண்டு எண்களாகும். ஒன்று, அவ்வாரம் பொரிப்பகங்களில் அடைவைக்கப்பட்ட முட்டைகளின் தொகை. மற்றையது, இறைச்சிக்காக வளர்க்கவெனக் கொட்டகைகளில் விடப்பட்ட குஞ்சுகளின் தொகை. 2023ஆம் ஆண்டளவில் முன்னையது வாரமொன்றுக்கு ஏறத்தாழ 24 கோடியாக இருந்தது. முட்டை பொரிக்க 21 நாள் எடுக்கும். குஞ்சு வளர்ந்து அறுவைக்குச் செல்ல ஆறேழு வாரங்கள் எடுக்கும். எனவே இன்று அடைவைக்கப்படும் முட்டையை அறிந்தவர், ஒன்பது பத்து வாரங்களின் பின் சந்தைக்கு வரப்போகும் இறைச்சியையும் அறிந்தவராகின்றார். முட்டைக் கணக்கு வருங்காலத்தைப் பற்றிய அறிவாகும். அவ்வறிவு யாருடைய உடைமையாயிற்று என்பதே நமது வினா.

1

அடைக்கோழியின் கீழ் முட்டை வைக்கும் காலத்தில் இத்தகைய கணக்கிற்கு இடமிருக்கவில்லை. கோழி அடைகிடக்கும் பருவமே உற்பத்தியின் எல்லையாக இருந்தது. கலிபோர்ணியாவின் பெற்றலூமாவில் 1879இல் உருவாக்கப்பட்ட அடைகாப்புப் பொறி போன்ற சாதனங்கள் அவ்வெல்லையை உடைத்தன. 1918இல் அமெரிக்க அஞ்சற் சேவை ஒரு நாட் குஞ்சுகளைப் பொதிகளாக ஏற்கத் தொடங்கியது. பொரித்த குஞ்சு தன்னுள் எஞ்சிய மஞ்சட் கருவைக் கொண்டு மூன்று நாள் அளவில் உணவின்றி உயிர்வாழ வல்லது. இவ்வுயிரியல் உண்மையைத் தபால் வண்டி வணிக உண்மையாக மாற்றியது. குஞ்சு பொரித்தல் கமக்காரப் பெண்ணின் வீட்டுப் பணி என்ற நிலையிலிருந்து விலகித் தனித் தொழிலாயிற்று.

புரொயிலர்த் தொழிலின் தோற்றம் பற்றிக் கூறுவோர், டெலவெயர் மாநிலத்தின் செசீல் ஸ்ரீல் என்னும் பெண்மணியிடமிருந்தே தொடங்குவது வழக்கம். 1923இல் 50 குஞ்சுகள் கேட்ட அவருக்குப் பொரிப்பகம் தவறுதலாக 500 குஞ்சுகளை அனுப்பிற்று. அவர் அவற்றை இறைச்சிக்காக வளர்த்து இலாபமீட்டினார். 1926இல் 10,000 குஞ்சுகளுக்கான கொட்டகையை அமைத்தார். இக்கதை உண்மையாயினும், வரலாற்றைத் தனிமனித அதிட்டத்தின் விளைவாகக் காட்டும் முதலாளித்துவக் கதைமரபிற்கு உகந்த உதாரணமுமாகும். நியூயோர்க் முதலான நகரச் சந்தைகளின் அண்மை, போக்குவரத்து வசதி, சூரிய ஒளியின்றியும் குஞ்சுகளை வளர்க்க வழிசெய்த உயிர்ச்சத்து டீ பற்றிய அறிவு ஆகியன அக்காலத்தில் முதிர்ந்திராவிடின் அத்தவறு வெறுந் தவறாகவே முடிந்திருக்கும்.

2

1934இல் அமெரிக்காவில் 11,000 அளவிலான பொரிப்பகங்கள் இருந்தன. ஒன்றின் சராசரிக் கொள்ளளவு 24,000 முட்டைகளே. அவ்வாண்டின் புரொயிலர் உற்பத்தி 3 கோடி 40 இலட்சம் அளவினதாகும். சிதறிக் கிடந்த இச்சிறு உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தம் அறிவிற்கேற்ப முட்டை அடைவைத்தனர். விலை ஏறியதும் யாவரும் கூடுதலாக வைப்பர். பத்து வாரங்களின் பின் யாவரது கோழிகளும் ஒருங்கே சந்தைக்கு வர விலை வீழும். உற்பத்தியின் அராஜகம் என்று மாக்சியர் கூறுவதன் எளிய வடிவம் இதுவாகும். இந்நிலையில் அரசின் கணக்கு ஒரு முற்போக்கான பணியினை ஆற்றியது என்பதை நாம் மறுத்தலாகாது. தனித்தனியே பார்வையற்றிருந்தோருக்கு அது பொதுவான பார்வையை அளிக்க முயன்றது.

ஆயின் எண்ணிய அரசு எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதைத் தீர்மானிக்க முன்வரவில்லை. பொருளாதார மந்தத்தின்போது ரூஸ்வெல்ற் ஆட்சி தொழில்தோறும் வகுத்த ஒழுங்குக் கோவைகளை 1935 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. அவ்வழக்கு புரூக்ளினில் உயிர்க்கோழி விற்ற ஷெக்டர் சகோதரர் தொடர்பானது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னரும் புரொயிலர் உற்பத்திக்கு ஒதுக்கீட்டு முறையொன்று ஏற்படவில்லை. அறிவு பொதுவுடைமையாக இருந்தது. உற்பத்திச் சாதனம் தனியுடைமையாகவே இருந்தது. பிற்கால முரண்பாடுகளின் வித்து இதிலேயே அடங்கியுள்ளது.

3

அம்முரண்பாடு தெற்கு மாநிலங்களில் முழுவடிவம் பெற்றது. ஜோர்ஜியாவின் கெயின்ஸ்வில் நகரில் தீன் வணிகம் செய்த ஜெஸி ஜுவெல், 1930களில் கையிற் காசற்ற கமக்காரருக்குக் குஞ்சும் தீனும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழிகளைத் தாமே பெற்று விற்றார். பின்னர் பொரிப்பகத்தையும் அறுவைச் சாலையையும் தமதாக்கினார். பருத்திப் பொருளாதாரம் சிதைந்த மண்ணில், பருத்திக் கமக்காரனைப் பிணித்திருந்த கடனுறவே கோழிக் கொட்டகையினுள்ளும் புகுந்தது எனலாம்.

இதே காலத்தில் கோழியின் உடலும் மாற்றப்பட்டது. ‘நாளைய கோழி’ எனும் பெயரில் பெருஞ் சில்லறை வணிக நிறுவனமொன்று விவசாயத் திணைக்களத்தின் ஒத்துழைப்புடன் நடத்திய போட்டியில், பல மாநிலங்களின் முட்டைகள் ஒரே பொரிப்பகத்தில் பொரிக்கப்பட்டு ஒரே நிலைமையில் வளர்க்கப்பட்டன. 1948இலும் 1951இலும் கலிபோர்ணியாவின் சாள்ஸ் வான்ற்றஸ் வென்றார். 1925இல் இரண்டரை இறாத்தற் கோழியை ஆக்க 112 நாள் தேவைப்பட்டது; இன்று ஆறு இறாத்தலுக்கு மேற்பட்ட கோழிக்கு 47 நாள் அளவில் போதுமானது. ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் மாக்ஸ், ஆங்கிலேயரான பேக்வெல் ஆட்டின் வளர்ச்சிக் காலத்தைக் குறுக்கியமையை மூலதனச் சுழற்சியோடு தொடர்புபடுத்தி விளக்கினார். அவ்விளக்கத்திற்குப் புரொயிலரைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

2001ஆம் ஆண்டளவில் பொரிப்பகங்களின் தொகை 320 அளவிற் சுருங்கியது. சராசரிக் கொள்ளளவு 27 இலட்சம் முட்டைகளாகப் பெருகியது. அவற்றிற் பெரும்பாலானவை தீன் ஆலையும் அறுவைச் சாலையும் கொண்ட கம்பனிகளுடையவை. சிதறியோருக்குப் பார்வை அளிக்கத் தோன்றிய அறிக்கையின் வாசகர் கூட்டம் இவ்வாறு மாறிவிட்டது. முட்டையை அடைவைப்போர் சிலராகிவிட்டபோது, ஒருவர் மற்றவரை நோக்கித் தம் உற்பத்தியைக் குறைப்பதும் இயல்வதாகின்றது. பொதுக் கணக்கோடு அமையாது, கம்பனிகளின் நுண்விபரங்களைத் திரட்டி அவற்றிற்கே விற்கும் தனியார் நிறுவனமும் எழுந்தது. 2016இல் தொடுக்கப்பட்ட வழக்குகள், தாய்க்கோழிக் கூட்டங்களைக் குறைத்து விலையேற்றச் சதி நடந்ததெனக் குற்றஞ்சாட்டின. 2023இல் அமெரிக்க நீதித் திணைக்களம் மேற்படி தகவல் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தது.

4

இக்கணக்கில் இல்லாதோர் யார்? குஞ்சுகள் ‘விடப்பட்டன’ என்கிறது அறிக்கை. விட்டவரும் வளர்த்தவரும் அவ்வினைமுற்றினுள் மறைகின்றனர். ஒப்பந்தப் பண்ணையாளன் கொட்டகைக்கும் அதற்கான வங்கிக் கடனுக்கும் உரிமையாளன். கோழி கம்பனியுடையது, தீனும் கம்பனியுடையது. ஒரே வாரத்தில் கோழி ஒப்படைத்தோரைச் செலவின்படி வரிசைப்படுத்தி, சராசரியிலும் சிறந்தோருக்குக் கூடுதலாகவும் பின்தங்கியோருக்குக் குறைவாகவும் வழங்குவது அங்கு பரவலான முறையாகும். ஆனால் அவ்வரிசையைப் பெரிதும் பாதிக்கும் குஞ்சின் தரம் பொரிப்பகத்திலேயே நிர்ணயமாகின்றது. முதிர்ந்த தாய்க்கூட்டத்தின் குஞ்சும் இளந் தாய்க்கூட்டத்தின் குஞ்சும் ஒரே அளவினவல்ல. தனக்கு வந்தவை எவை என்பதைப் பண்ணையாளன் நெடுங்காலம் அறியாதிருந்தான். உடைமையாளன் எனும் தோற்றத்தினுள் ஒளிந்திருக்கும் கூலி உழைப்பாளி அவன்.

விடப்படும் குஞ்சுகளின் இனம், தாய்க்கூட்டத்தின் வயது, நோய்நிலை போன்றவற்றைப் பண்ணையாளனுக்குத் தெரிவித்தல் வேண்டும் எனும் விதி 2023 நவம்பரிலேயே வெளியாகி, 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான முட்டைத் தொகையைச் சந்தை வாரந்தோறும் அறிந்திருந்த காலத்தில், தன் கொட்டகையிலுள்ள குஞ்சின் பூர்வீகத்தை அறியும் உரிமைக்காக வளர்ப்பவன் காத்திருந்தான். அறுவைச் சாலைகளின் தொழிலாளர் நிலை இதனினும் கொடியது. 1991 செப்டெம்பர் 3ஆம் நாள் வட கரோலினாவின் ஹாம்லெற் நகரிலிருந்த கோழி இறைச்சித் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் 25 பேர் மாண்டனர். முட்டைக் கணக்கு அவ்வாரமும் தவறாது வெளிவரும் இயல்பினது.

எண்ணுதலே குற்றம் எனும் முடிவிற்கு நாம் வரவில்லை. திட்டமிட்ட உற்பத்திக்கு எண் இன்றியமையாதது. அடைவைக்கும் முட்டையின் தொகையை முன்னறிதல் மனித அறிவின் வெற்றியாகும். உழைப்போரைப் பார்வையற்றோராக வைத்துக்கொண்டு உடைமையாளரின் பார்வையை மட்டும் கூர்மையாக்கும் உற்பத்தி உறவே குற்றமுடையது. பண்ணையாளரும் தொழிலாளரும் தம் கூட்டமைப்புகள் வாயிலாக அக்கணக்கை வாசிக்கவும், அதில் எவை இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவும் வல்லவராகும்போதே, புள்ளிவிபரம் தான் தோன்றிய காலத்து வாக்குறுதியை நிறைவேற்றும்.