ஹெட்போன் பஃபர்

ஒலிச்சமிக்ஞையின் வோல்ட்டேஜைக் கூட்டாமல், ஹெட்போனுக்கு வேண்டிய கரன்ட்டை மட்டும் தாராளமாகத் தரும் சிறிய சுற்று. வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம்.

இதன் பெருமை, வெளியீட்டு மின்மறுப்பு குறைவாக இருப்பதில்தான். ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 16 ஓம், வேறிடத்தில் 48 ஓம் காட்டும் ஹெட்போனை 16 ஓம் வெளியீட்டில் மாட்டினால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 3.5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். பாட்டின் நிறமே மாறிப்போகும். வெளியீடு 0.5 ஓம் என்றால் அது 0.2 டெசிபலுக்கும் கீழே. ஹெட்போன் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் வைப்பது ஆர்வலர்களின் பழக்கம்.

நல்ல முன்மாதிரி, 2011-இல் பெயர் வெளியிடாத ஒரு பொறியாளர் தந்த 'ஓ2' ஆம்ப்ளிஃபயர். அதில் சேனலுக்கு ஒரு என்ஜேஎம்4556ஏ ஐ.சி. அதற்குள் இருக்கும் இரு ஆப்-ஆம்ப்களும் பஃபராக இணைகோட்டில் உழைக்கின்றன. ஒவ்வொன்றின் வெளியீடும் தன் எதிர் உள்ளீட்டுக்கு நேரே திரும்புகிறது. அதன் பிறகே 1 ஓம் ரெசிஸ்டர். இந்தச் சின்ன ரெசிஸ்டர்கள்தான் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமல் சுமையைப் பங்கிட வைக்கின்றன. இரண்டு 1 ஓம் இணைந்தால் அரை ஓம். எளிமையான, அழகான தீர்வு!

ஐ.சி.யின் பவர் கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் சுற்று தானாக அலைவுறலாம்.

ஹெட்போனை மாட்டுமுன் மல்டிமீட்டரால் வெளியீட்டின் டி.சி. வோல்ட்டேஜை அளந்துவிடுங்கள். சில மில்லிவோல்ட்டைத் தாண்டினால், பிழையைக் கண்டுபிடிக்கும்வரை மாட்டாதீர்கள்.