1803: கண்டியில் அகப்பட்ட மூன்று போர்வீரர்

பகைவர் நாட்டுக்குள்ளே தன்னந்தனியாக அகப்பட்டுக்கொண்ட போர்வீரனின் கதை, திரைப்படம் எடுப்போருக்கு என்றும் உவப்பான பொருளாகும். அதற்குப் பெருஞ்சேனைகள் வேண்டியதில்லை, மாளிகைகள் வேண்டியதில்லை. ஒரு மனிதன், ஓர் ஆறு, ஒரு காடு ஆகிய இவையே போதும். குறைந்த செலவிலே படம் முடிந்துவிடும். வீரன் தன்னவர் பாசறையை அடைந்ததும் திரையும் வீழ்ந்துவிடும். ஆனால், வரலாறு அத்துணை எளிதாக முடிவுறுவதில்லை.

கண்டி மாநகரிலிருந்து வத்தேகமவுக்குச் செல்வோர் மகாவலி கங்கையைக் கடந்தே தும்பறைப் பகுதிக்குள் நுழைதல் வேண்டும். அந்த ஆற்றின் நகர்ப்புறக் கரையில் வட்டபுளுவை என்னும் இடம் இருக்கின்றது. இன்று வீடுகள் நெருங்கிய புறநகராக விளங்கும் அவ்விடத்திலே, 1803ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள், ஆங்கிலேயப் படையொன்று அழிந்தது. அவ்வழிவினின்றும், அதற்கு இரண்டு நாள் முன்னர் நகரில் நிகழ்ந்த அழிவினின்றும் உயிர் எஞ்சியவர்களுள் மூவரின் கதைகள் ஒப்புநோக்கத் தக்கவை. ஒருவன் தப்பி வெளியேறினான். ஒருவன் சிறையிலே மாண்டான். ஒருவன் பகைவர் நகரிலேயே வாழ்ந்தான்.

போர் மூண்ட வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றினர். மலைநாட்டிலே கண்டி இராச்சியம் சுதந்திரமாக நிலைத்திருந்தது. அதன் அரியணையில், மதுரை நாயக்கர் மரபினனான கண்ணுசாமி, ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என்னும் பெயருடன் 1798இல் அமர்த்தப்பட்டான். அமர்த்தியவன் மகா அதிகாரமாக இருந்த பிலிமத்தலாவை. அப்பொழுது ஆங்கிலத் தேசாதிபதியாக இருந்தவன் பிரெடெரிக் நோர்த். புத்தளத்து வணிகரின் கொட்டைப்பாக்கு கண்டியர் நாட்டிலே பறிமுதல் செய்யப்பட்டதைக் காரணமாகக் காட்டி, 1803 ஜனவரியில் நோர்த் போர் தொடுத்தான். கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டவல் தலைமையிலும், திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட் தலைமையிலும் இரு படைகள் புறப்பட்டு, பெப்ரவரி மாதத்திலே கண்டியை அடைந்தன.

அவர்கள் கண்டது வெறிச்சோடிய நகரம். மன்னனும் மக்களும் அகன்றிருந்தனர். மாளிகையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. வெற்றி பெற்றோம் என்று வந்தவர் மகிழ்ந்தனர். ஆனால், நகரைப் பகைவருக்கு விட்டுக்கொடுத்து, வழிகளை அடைத்து, மழையும் பசியும் நோயும் தம் வேலையைச் செய்யும்வரை காத்திருத்தலே கண்டியரின் பழைய போர்முறை. 1594இல் தந்துறையிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கீசர் இதனைக் கற்றனர். 1765இல் கண்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் அவ்வாண்டிலேயே அதனை விட்டகன்றனர். இந்தப் பாடம் ஆங்கிலேயருக்கு எட்டவில்லை.

அவர்கள் முன்னைய அரசியின் சகோதரனான முத்துசாமி என்பவனைக் கண்டியிலே மன்னனாக முடிசூட்டினர். அரியணைக்கு உரிமை கோரிய இருவரும் நாயக்கர் குடும்பத்தினரே என்பது கருதத்தக்கது. ஆயினும், முத்துசாமியைச் சுற்றிக் குடிமக்கள் எவரும் திரளவில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்திலே மக்டவல் கொழும்புக்குத் திரும்பினான். எஞ்சிய படையைக் காய்ச்சல் வாட்டியது. பார்பட்டும் நோயுற்றுக் கரையோரத்துக்குச் சென்று இறந்தான். பொறுப்பு மலாய்ப் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் டேவியின் தலைமேல் விழுந்தது. அவன் அதனை நாடிப் பெற்றவன் அல்லன்.

ஜூன் 24ஆம் நாள் விடியற்பொழுதிலே கண்டியர் தாக்கினர். நண்பகல் கடந்ததும் டேவி பணிந்தான். படை திருகோணமலைக்குத் தடையின்றிச் செல்லலாம். நடக்க இயலாத நோயாளர் கண்டியிலே பேணப்படுவர் என்பது உடன்பாடு. ஏறக்குறைய 34 ஐரோப்பியரும், 250 மலாயரும், பீரங்கி இழுக்கும் இந்திய லஸ்கார்களும், முத்துசாமியும் நகரை நீங்கினர். நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் வைத்தியசாலையிலே விடப்பட்டனர். அவர்கள் அன்றே கொல்லப்பட்டனர்.

வெளியேறியவர்கள் வட்டபுளுவையை அடைந்தபொழுது மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. தோணியோ தெப்பமோ கிடைக்கவில்லை. மறுநாள் மன்னனின் தூதர் வந்து முத்துசாமியை ஒப்படைக்குமாறு கேட்டனர். டேவி முதலில் மறுத்தான், பின்னர் இணங்கினான். தம்மை நம்பி வந்தவனை ஆங்கிலேயர் கையளித்தனர். முத்துசாமிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால், அந்த விலையைக் கொடுத்தும் ஆறு வழிவிடவில்லை. அதற்கு அடுத்த நாள் படையினர் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். ஐரோப்பியர் பிரித்தெடுக்கப்பட்டு, இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டனர்.

அவ்வாறு வெட்டுண்டவர்களுள் ஒருவன் 19ஆம் காலாட்படையைச் சேர்ந்த கோப்ரல் பார்ன்ஸ்லி. வாள் அவன் பிடரியின் தசைநார்களை அறுத்தது, உயிரை அறுக்கவில்லை. பிணங்களோடு பிணமாகக் கிடந்த அவன், இருள் சூழ்ந்த பின் நகர்ந்து சென்று ஆற்றைக் கடந்தான். தலை தானாக நிமிர்ந்து நிற்கவில்லை; கையால் அதனைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மறுகரையில் தும்பறை; அதற்கு வடக்கே மாத்தளை. அங்கே மக்டவல் கோட்டை என்னும் சிறு காவலிடத்தைக் கப்டன் மாஜ் என்பவன் காத்துக்கொண்டிருந்தான். இன்று கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மாத்தளைக்குப் புகையிரதத்தில் செல்வோர் சில மணி நேரத்திலே கடந்துவிடும் மலைப்பகுதி அது. காயமுற்ற வீரனுக்கோ, ஒவ்வொரு கிராமமும் பகைவர் கிராமமாகவே இருந்தது. எனினும், அவன் மாத்தளையை அடைந்தான். கண்டிப் படை அழிந்த செய்தியை மாஜ் அவன் வாய்மொழியாகவே அறிந்தான். நடக்க இயலாத நோயாளரை விட்டுவிட்டு, எஞ்சியோருடன் இரவிலே திருகோணமலையை நோக்கிப் பின்வாங்கினான். அச்செய்தி எட்டாதிருந்தால் அந்தச் சிறு படையும் அழிந்திருக்கும்.

திரைப்படமாயின் இங்கே முடிந்துவிடும். ஆனால், டேவியின் கதை அப்பொழுதுதான் தொடங்கியது. வேறு சில அதிகாரிகளுடன் அவன் கொல்லப்படாமல் சிறைவைக்கப்பட்டான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே நோயோடும் தனிமையோடும் கழித்தான். கொழும்பிலே கண்டி விவகாரங்களைக் கவனித்து வந்த ஜோன் டொயிலி அவனை மீட்க முயன்றான், முயற்சி பலிக்கவில்லை. டேவி இரகசியமாக அனுப்பிய சிறு கடிதங்கள் சில கரையோரத்தை எட்டின. அபினி வேண்டும் என்பது அவற்றில் அவன் விடுத்த வேண்டுகோளுள் ஒன்று. 1812ஆம் ஆண்டளவில் அவன் இறந்தான்.

மூன்றாமவன் சார்ஜன்ட் தோயன். பீரங்கிப் படையைச் சேர்ந்த இவன், வைத்தியசாலையிலே விடப்பட்ட நோயாளருள் ஒருவன். இறந்தவர்களோடு எறியப்பட்டும் இவன் உயிர் பிழைத்தான். இச்செய்தி மன்னனுக்கு எட்டியபொழுது, இத்துணைக்கும் பிழைத்தவனைக் கொல்லுதல் தகாது என்று கருதி, அவனுக்கு வீடும் உணவும் அளிக்கச் செய்தான். தோயன் கண்டியிலேயே முஸ்லிம் பெண் ஒருத்தியை மணந்து இல்லறம் நடத்தினான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1815இல் ஆங்கிலேயப் படை மீண்டும் நகருள் நுழைந்தபொழுது, அவன் அவர்கள் முன் வந்து நின்றான். நோயாளரைக் கொன்ற அதே நகரம்தான் இவனுக்குச் சோறும் இட்டது.

இம்மூவருள் நிகழ்ந்ததை உடனே எடுத்துரைக்கும் வாய்ப்புப் பெற்றவன் பார்ன்ஸ்லி ஒருவனே. அவன் அளித்த வாக்குமூலம், ஜேம்ஸ் கோடினர் என்னும் பாதிரியார் 1807இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே இடம்பெற்றது. ஆங்கிலேயர் வட்டபுளுவையை நினைவுகூரும் முறையை அத்தகைய சான்றுகளே அமைத்தன. வாயடைக்கப்பட்ட டேவியின்மீது பழி முழுவதும் சுமத்தப்பட்டது. ஆயத்தமின்றிப் போர் தொடுத்த தேசாதிபதியும், படையைப் போதிய உணவும் மருந்துமின்றி விட்டுச் சென்ற தளபதியும் அப்பழியிலே சிறு பங்கையே ஏற்றனர். படுகொலையின் கொடுமை பன்முறை எடுத்துரைக்கப்பட்டது. அழைப்பின்றி வந்து அரியணையிலே ஒருவனை அமர்த்திய செயல் அத்துணை எடுத்துரைக்கப்படவில்லை.

1842 ஜனவரியிலே ஆப்கானிஸ்தானத்தில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை வழியிலே அழிய, மருத்துவர் பிரைடன் காயத்துடன் குதிரைமீது ஜலாலாபாத்தை அடைந்தார். அவரைப் பின்னாளில் ஓவியமாகத் தீட்டினர், உலகம் அறிந்தது. அவருடன் புறப்பட்ட ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களுக்கும் ஏவலாளருக்கும் அத்தகைய ஓவியம் வாய்க்கவில்லை. வட்டபுளுவையிலும் அவ்வாறே. அங்கு நின்றோருள் பெரும்பாலோர் மலாயரும் லஸ்கார்களுமே. மலாயர் இரு பக்கத்திலும் போரிட்டனர். மன்னனிடம் பணிபுரிய இணங்கியோர் உயிர் பெற்றனர். இணங்க மறுத்து உயிர் நீத்தோரும் இருந்தனர். அவர்களிடம் வாக்குமூலம் கேட்டவர் எவர்? முத்துசாமி ஆற்றங்கரையிலே டேவியிடம் தன் உயிருக்காகச் சொன்ன சொற்களைத் தமிழிலே எழுதி வைத்தவர் எவர்?

1815 பெப்ரவரியிலே ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தும்பறை மலைகளிலே, மெதமகாநுவரைக்கு அருகில், பிடிபட்டான். தன் நாட்டுக்குள்ளேயே தனியனாக அகப்பட்ட நிலை அவனுக்கும் வாய்த்தது. மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன், 1832இல் அங்கேயே இறந்தான்.

எவருடைய எல்லையை எவர் கடந்தார் என்ற கேள்விக்கு விடை, கதை சொல்பவன் நிற்கும் கரையைப் பொறுத்தது. பார்ன்ஸ்லியின் வாக்குமூலம் பொய்யன்று. அது ஒரு கரையிலிருந்து சொல்லப்பட்ட உண்மை. மகாவலிக்கு இரு கரைகள் உண்டு. இரண்டிலும் நின்று பார்ப்பவனுக்கே 1803ஆம் ஆண்டு முழுமையாகத் தெரியும்.