ஒளித்தட்டைப் படியெடுத்த வரலாறு

நம்மில் பலர் வீட்டு அலமாரியில் ஒளித்தட்டுகள் சில இருக்கும். மகளின் திருமணம், மறைந்த தாத்தாவின் குரல், கோயில் திருவிழாப் படங்கள் எனப் பலவும் அவற்றில் அடங்கியிருக்கும். தட்டு அழியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வீட்டிலும் கடையிலும் பதிவு செய்து தரும் தட்டில், செய்தியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மெல்லிய சாயப் பூச்சே. வெயிலும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். ஆகவே, உள்ளதை உள்ளபடியே படியெடுக்கும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை இன்று காண்போம்.

ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஒளித்தட்டு, 1982-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அதில், 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரே சுருள்கோடு ஓடுகிறது. பாட்டும் படமும் அதில் எண்களாக மாறி நிற்கின்றன. ஒலிநாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். எண்களோ தேய்வதில்லை. பிழையின்றி எடுத்தால் நூறாவது படியும் முதற்படியே. சிறு கீறலால் விடுபடும் எண்களையும், 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் வகுத்த கணக்குமுறை மீட்டுத் தருகிறது.

படியெடுக்கும் கருவியோ தட்டுக்கும் மூத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தொடங்கப்பட்ட யூனிக்ஸ் என்னும் கணினி முறையில், 1970-களில் 'டிடி' என்ற சிறு கட்டளை சேர்ந்தது. எதைப் படிப்பது, எங்கே எழுதுவது என்று விசைப்பலகையில் ஒரே வரி எழுதினால் போதும். பாட்டா, படமா என்று அது கேட்பதில்லை. முதற் கட்டம் தொடங்கிக் கடைசிக் கட்டம் வரை அனைத்தையும் வரிசை மாறாமல் எடுத்து, ஒரே கோப்பாக வைத்துவிடும். அந்தக் கோப்பைப் புதிய தட்டில் எழுதிக்கொள்ளலாம். பாட்டுத் தட்டிலும் விசிடியிலும் கட்டங்களின் அமைப்பு வேறு. அவற்றுக்கு 'சிடிஆர்டிஏஓ' என்ற கட்டளை உண்டு. கீறல் மிகுந்த தட்டில் டிடி இடையிலேயே நின்றுவிடும். 2004-இல் வந்த 'ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ' நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும்.

எடுத்த படி சரிதானா? தோட்டத்தில் பால் நிறுத்தபின், கிராணியின் புத்தகத்துக் கூட்டுத்தொகையும் நம் வீட்டுக் குறிப்பேட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவந்தால்தானே மனம் ஆறுகிறது? அதுபோலத் தட்டுக்கு ஒரு கூட்டெண், படிக்கு ஒரு கூட்டெண் கண்டு ஒப்பிடுவார்கள். இதற்குப் பயன்படும் 'எம்டி5' முறையை 1991-இல் ரொனால்டு ரிவஸ்ட் வகுத்தார். இன்று அதனினும் வலிய 'ஷா256' முறை உள்ளது. ஓர் எண் பிசகினாலும் கூட்டெண் மாறிவிடும்.

தட்டைப் படிக்கும் பெட்டி இல்லாமலே இன்று பல கணினிகள் விற்பனைக்கு வருகின்றன. தட்டு நலமாயிருக்கும்போதே, கணினி கற்ற பிள்ளைகளை அழைத்துப் படியெடுத்து, கூட்டெண்ணையும் சரிபார்த்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் குரலை மறுமுறை பதிவு செய்ய இயலாதல்லவா?