புல்லுக்கும் ஓய்வு வேண்டும்



ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பினார். உறைபனி படிந்து வெள்ளை வெளேரென்று ஒரு கோல்ஃப் மைதானம். வாசலில் ‘இன்று ஆட்டம் கிடையாது’ என்று பலகை. “கொஞ்சம் பனிதானே சார், அதற்கு ஏன் பூட்ட வேண்டும்?” என்று கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உறைபனி விழுந்தால் புல்லின் உள்ளே இருக்கும் நீரும் உறைந்து, இலை விறைத்துவிடும். அப்போது மிதித்தால் உள்ளே செல்கள் நொறுங்கும். பனி உருகியதும் காலடித் தடங்கள் கருகித் தெரியும். கோடை என்றால் புது இலை வந்து மறைத்துவிடும். குளிர்காலத்தில் புல் வளர்வதே இல்லை. டிசம்பரில் பட்ட காயம் வசந்தம் வரை ஆறாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். அதே ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் 1821-ல் பிறந்தவர் டாம் மாரிஸ். கைத்தறி நெசவாளரின் மகன். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை நான்கு முறை வென்றவர். 1864-ல் சொந்த ஊர் மைதானத்தைப் பராமரிக்க அவரை அழைத்தார்கள். ஆண்டுச் சம்பளம் 50 பவுண்டு. கனமான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள். கையில் தள்ளுவண்டியும் மண்வெட்டியும்.

அவருடைய பெரிய மருந்து மணல். குழி இருக்கும் புல்பரப்பை ‘கிரீன்’ என்பார்கள். அதன்மேல் மெல்லியதாக மணல் தூவினால் மேடு பள்ளம் சமமாகும், நீர் தேங்காது, மணலைத் துளைத்துக்கொண்டு புதுப் புல் அடர்த்தியாக வரும். ஒருமுறை வண்டி கவிழ்ந்து கொட்டிய மணலில் புல் செழித்ததைப் பார்த்துத்தான் இதைக் கற்றார் என்று ஒரு கதையும் உண்டு.

இரண்டாவது மருந்து ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். கனவான்களுக்கு ஓய்வு தேவைப்படாமல் இருக்கலாம், மைதானத்துக்குத் தேவை என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில் ஒரு வாரம் வலமாகவும் மறுவாரம் இடமாகவும் சுற்றி ஆடும் வழக்கமும் இருந்தது. ஒரே இடம் தொடர்ந்து மிதிபடாது அல்லவா?

இனி சொல்வது மனதுக்குக் கஷ்டமானது. அவர் மகன் டாமி, தந்தையை மிஞ்சிய ஆட்டக்காரன். 1875 செப்டம்பரில் டாமியின் மனைவி பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தக் குளிர்காலத் தொடக்கத்திலேயே அவன் ஒரு நீண்ட பந்தய ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டான். செயின்ட் ஆண்ட்ரூஸில் பனி கொட்டிக் கிடந்தது. பனியை விலக்கிவிட்டு நாள் கணக்கில் ஆடினார்கள். மைதானத்துக்கும் ஓய்வில்லை, பையனுக்கும் ஓய்வில்லை. ஆட்டத்தில் டாமிதான் வென்றான். சில வாரங்களில், கிறிஸ்துமஸ் காலையில் இறந்து கிடந்தான். வயது 24. ஆட்டம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தந்தை மறுபடி மண்வெட்டி எடுத்துக்கொண்டு அதே புல்வெளிக்குப் போன முதல் நாளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர் வேலையை விடவில்லை. 1903 வரை அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டார். 1908-ல் மறைந்தார். அங்கே பழைய மைதானத்தில் ஞாயிறு விடுமுறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெரிய போட்டி நாட்கள் மட்டும் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் ஊர் மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள்.

ஆகவே தம்பி, பலகையைப் பார்த்தால் திரும்பி வீட்டுக்குப் போ. வளராத காலத்தில் மிதிக்காமல் இருப்பதும் பராமரிப்புதான்.

லீவே எடுக்காமல் உழைப்பதைப் பெருமையாகச் சொல்லும் என் மற்ற பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்